பிரதி இருக்கிறது என்று நம்பியிருந்தோம்

இன்று நமது உறுப்பினர்கள் பலருடைய கடையில் பேரேடு என்று தனியாக ஒன்று இல்லை. பில்லும், சரக்கு இருப்பும், யார் எவ்வளவு பாக்கி என்பதும் கம்ப்யூட்டருக்குள்தான். பெரிய நிறுவனங்களில் இதைக் காப்பதற்கென்றே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஓர் ஊழியர் இருப்பார். நம் கடைகளில் அந்த வேலையை முதலாளியோ, பில் போடும் பிள்ளையோ, எப்போதாவது வந்து போகும் சர்வீஸ் தம்பியோ பார்க்கிறார்கள். அதாவது யாரும் பார்ப்பதில்லை. அந்த ஊழியர்கள் பட்ட அடிகள் சிலவற்றையும், நாங்கள் பட்ட ஒன்றையும் இங்கே எழுதுகிறோம்.

கிட்லேப் என்ற நிறுவனம், மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இணையக் கிடங்கு. அதன் தகவல்கள் ஒரு முதன்மை சர்வரிலும், அவற்றின் நகல் இன்னொரு சர்வரிலும் இருந்தன. இரண்டின் பெயருக்கும் ஓர் எண் மட்டுமே வித்தியாசம். 2017 ஜனவரி 31 அன்று வேலைப் பளு கூடி, நகல் சர்வர் பின்தங்கிவிட்டது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி நிரப்பலாம் என்று, இரவில் வெகு நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஊழியர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்தது முதன்மை சர்வரில்! ஓரிரு விநாடியில் தவறு தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி. தகவலில் 4.5 ஜி.பி. தான் மிஞ்சியது.

இது கைப்பிழை, யாருக்கும் வரும். பிறகு நடந்ததைத்தான் உறுப்பினர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

தினமும் எடுக்கும் பிரதியைத் தேடிப் போனார்கள். பிரதி வைக்கும் இடம் காலியாக இருந்தது. பிரதி எடுக்கும் மென்பொருள் 9.2 என்ற பழைய பதிப்பு. தகவல் இருந்ததோ 9.6 பதிப்பில். எனவே அந்த வேலை ஒவ்வொரு முறையும் தோற்றுப் போயிருக்கிறது. தோற்றால் எச்சரிக்கை மின்னஞ்சல் வர ஏற்பாடு உண்டு. ஆனால் அந்த மின்னஞ்சல்களில் முறையான சான்று இல்லை என்று அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து வைக்கும் இன்னொரு வசதி, இந்த சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. பல பூட்டுப் போட்ட கிடங்கில் ஒரு பூட்டும் பூட்டாமல் இருந்த கதைதான். கடைசியில், வேறொரு வேலைக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த பிரதி காப்பாற்றியது. மீட்கப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 புராஜெக்டுகளின் விவரமும், 700 புதிய வாடிக்கையாளர் பதிவும் போயின. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் எழுதியும் வெளியிட்டார்கள். அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். இல்லையேல் நமக்கு இந்தப் பாடமே கிடைத்திராது.

அடுத்த மாதம் 28ஆம் தேதி அமேசான் நிறுவனத்தில், சில சர்வர்களை மட்டும் நிறுத்தக் கொடுத்த கட்டளையில் ஒரு பகுதி தவறாகி, வேண்டியதைவிட அதிக சர்வர்கள் நின்றன. பல இணையதளங்கள் நான்கு மணி நேரம் தவித்தன. 1998இல் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிந்தபோது, ஸ்டூடியோவின் பிரதி பழுதாக இருந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த ஓர் அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் படத்தைக் காத்தது.

இனி எங்கள் கதை. எங்களுடையது பெயிண்ட், பைப் விற்கும் ஹார்டுவேர் கடை. பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வெள்ளையடிப்பு சமயம் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை ஹார்டு டிஸ்க் நின்றுவிட்டது. நாங்கள் கலங்கவில்லை. தினமும் கடை சாத்தும்போது பென் டிரைவில் பிரதி எடுத்து வந்தோமே! அதைப் புது டிஸ்க்கில் ஏற்றிப் பார்த்தபோது கணக்கு பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதியோடு நின்றது. அப்போது மென்பொருளைப் புதுப்பித்திருந்தார்கள். கணக்கு வேறு ஃபோல்டருக்கு மாறிவிட்டது. பிரதி மட்டும் பழைய ஃபோல்டரிலிருந்தே வந்திருக்கிறது. "காப்பி முடிந்தது" என்று தினமும் திரையில் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறோம்.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்களுக்குப் போட்ட பில்கள், நாங்கள் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் பில் வாரியாக இருந்ததால் திரும்பக் கிடைத்தன. ஆனால் அவர்கள் கொடுத்த பணத்தின் வரவு அதில் இராது. பதிவு இல்லாத பெயிண்டர்கள், மேஸ்திரிகள் கணக்குக்கு அந்த வழியும் இல்லை. கல்லாவில் கிடந்த பில் நகல்களை எடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கேட்டோம். "அண்ணாச்சி, நாற்பத்திரண்டாயிரம் நிக்குது, என் நோட்டுல இருக்கு" என்று தானாகச் சொன்ன மேஸ்திரியும் உண்டு. போனை எடுக்காதவர்களும் உண்டு. யாரையும் குற்றம் சொல்ல எங்களிடம் தாள் இல்லை. வராமல் போன தொகையைவிட, ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஒரு பழைய வாடிக்கையாளரிடம் இரண்டாம் முறை கேட்டுவிட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் ஏற்பாட்டை மாற்றினோம். பிரதி இரண்டு பென் டிரைவ்களில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறி மாறி. எடுத்ததும் கழற்றி, ஒன்று வீட்டுக்குப் போகும். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்தால், 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற பூட்டு வைரஸ் வரும்போது அதையும் சேர்த்தே பூட்டிவிடும். மென்பொருளைப் புதுப்பிக்க வந்தால், கணக்கு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சர்வீஸ் தம்பியையே நோட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்கிறோம். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாதம் ஒருமுறை வீட்டு லேப்டாப்பில் பிரதியைத் திறந்து, முதல் நாள் போட்ட கடைசி பில்லையும் மூன்று பேருடைய பாக்கியையும் கடைக் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறோம். அரைமணி நேர வேலை. சென்ற மாதம் பார்த்தபோது இரண்டாவது பென் டிரைவ் திறக்கவில்லை. அன்று மாலையே புதிது வாங்கிவிட்டோம்.