எதிர்வீட்டுக்குப் போக டேட்டா சென்டர் எதுக்கு?

தம்பி, பால்கனியில ஃப்ரைஃபுங்க் (ஜெர்மனியோட சமூக வைஃபை நெட்வொர்க்) ரவுட்டரை மாட்டிட்ட, எதிர்வீட்டு ரவுட்டரோட வைஃபை மெஷ்ஷும் சேர்ந்துடுச்சு. அப்புறமும் எதிர்வீட்டு சர்வர்ல இருந்து ஒரு ஃபைலை இழுக்க ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டியே, சிக்கல் ரூட்லதான் இருக்கு. பாக்கெட்டெல்லாம் நேரா தெருவைத் தாண்டாம, உன் டிஎஸ்எல் லைன்ல ஏறி, விபிஎன் வழியா கேட்வே இருக்கற டேட்டா சென்டருக்குப் போய், எதிர்வீட்டு லைன்ல இறங்குது. தலையைச் சுத்தி மூக்கைத் தொடற வேலை. ரெண்டு வீட்டு லைன்லயும் டவுன்லோட் 50, அப்லோட் 10 எம்பிபிஎஸ்னா, அந்தச் சுத்து வழியில 10-க்கு மேல கிடைக்கவே கிடைக்காது.

அதுக்காக விபிஎன்னைப் பழிக்காதே. ஜெர்மனியில ரொம்ப காலம், உன் லைன்ல வேற யாரோ செஞ்ச பதிப்புரிமை மீறலுக்கும் உனக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் வரும். மத்தவங்க டிராஃபிக்கை ஃப்ரைஃபுங்க் சங்கத்தோட கேட்வே வழியா வெளியே விடற வழக்கம் அதனால பிறந்தது. 2017-ல சட்டம் தளர்ந்துச்சு. ஆனாலும் வைஃபை எட்டாத தெருக்களை ஒண்ணா சேர்க்க விபிஎன் வேணும்.

மெஷ்ல ரூட்டைத் தேர்ந்தெடுக்கற பேட்மேன் புரோட்டோகால் எப்படி வழி பார்க்குதுன்னு தெரிஞ்சா மீதி சுலபம். ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு சின்ன பாக்கெட்டை விட்டுவிட்டு அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுல எவ்வளவு வந்து சேருதோ, அதை வச்சு 255-க்கு ஒரு மார்க். நீங்க பெரும்பாலும் ஓட்டற பேட்மேன் 4 லைனோட வேகத்தைப் பார்க்காது, தாமதத்தையும் பார்க்காது. வைஃபையில இந்தப் பாக்கெட் தொலைஞ்சா திரும்ப அனுப்பறது கிடையாது, அதனால நல்ல லிங்க்குக்கே மார்க் குறையும். விபிஎன்ல கிட்டத்தட்ட எதுவும் தொலையாது, முழுசா 255 வாங்கிடும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். எதிர்வீட்டு வைஃபை லிங்க் 190-னு வச்சுக்கோ. விபிஎன் வழியில கேட்வே ஒரு ஹாப்; ஒவ்வொரு ஹாப்புக்கும் கழியற ஹாப் பெனால்ட்டி 15-னா, 255-ல 15 போய் 240. 190-ஐ விட 240 பெருசு, பாக்கெட் விபிஎன்னுக்கே போகும். இப்ப உன் ரவுட்டர்ல விபிஎன் இன்டர்ஃபேஸுக்கு மட்டும் தனியா 80 பெனால்ட்டி போடு. 255-ல 80 போனா 175; அந்த 240-ஐ 175-ஆல பெருக்கி 255-ஆல வகுத்தா சுமார் 165. வைஃபை ஜெயிச்சாச்சு. இன்டர்நெட் போறது கெடுமா? கெடாது. உன் விபிஎன்ல கேட்வே நேரா 175 காட்டும். எதிர்வீட்டு வழியா சுத்திப் போனா, அங்கேயும் இதே பெனால்ட்டி இருந்தா, 120-ஐ ஒட்டித்தான் வரும். ஆக, எதிர்வீட்டுக்கு வைஃபை, வெளியே போக உன் சொந்த லைன். நமக்கு வேண்டியதும் இதுதானே!

இங்க ஒண்ணை மறந்துடாதே. அந்தச் சின்ன பாக்கெட்டை வாங்கற பக்கம்தான் இந்தப் பெனால்ட்டியைக் கழிக்கும். நீ மட்டும் போட்டா நீ அனுப்பறது வைஃபையில போகும், பதில் விபிஎன் வழியாவே வரும். எதிர்வீட்டுக்காரரையும் போடச் சொல்லு. மாத்தினதும் பேட்மேனோட பேட்சிடிஎல் கருவியில ட்ரேஸ்ரூட் போட்டு, ரெண்டு வீட்டுல இருந்தும் பாரு. நடுவுல கேட்வே தலைகாட்டினா இன்னும் சரியாகலைன்னு அர்த்தம்.

ஆசைப்பட்டு 200, 220-னு ஏத்திடாதே. அப்புறம் சொந்த லைனை விட்டுட்டு நாலு மாடி தாண்டி வைஃபையிலேயே வழி தேடும். ஒரே சேனல்ல ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் பாதிக்குப் பாதி விழும், வீடியோ கால்ல உட்கார்ந்திருக்கற பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கஷ்டப்படுவாங்க.

ஒரே கட்டடத்துல நாலு ரவுட்டர் இருந்தா நாலுலயும் விபிஎன் வேண்டாம். கேபிள் இழுத்து லேன்ல மெஷ் பண்ணிடு, ரெண்டுல விபிஎன் போதும். அந்த ரெண்டும் வேற வேற கம்பெனி லைன்ல இருந்தா இன்னும் நல்லது. விபிஎன்னைக் குறைக்கக் காரணம் இருக்கு: பேட்மேன் லேயர் 2-ல ஓடறதால, யாரும் எதுவும் பார்க்காத நேரத்துலயும், 'இந்த ஐபி யாரோடது'ன்னு கேக்கற ஏஆர்பி கூச்சல் ஒவ்வொரு விபிஎன்லயும் ஓடிக்கிட்டே இருக்கும்.

உங்க ஊர் குழு பேபெல்ங்கற இன்னொரு ரூட்டிங் புரோட்டோகாலுக்கு மாறினா இவ்வளவு கைவேலை இருக்காது. விபிஎன் இன்டர்ஃபேஸை டனல்னு குறிச்சிட்டா, போய் வர ஆகற நேரத்தை அளந்து அதையும் ரூட் விலையில சேர்த்துக்கும். 2024-ல வந்த ஆர்எஃப்சி 9616 இதுக்குன்னே எழுதினது. பாரிஸ்ல இருந்து பாரிஸுக்கே போற பாக்கெட் டோக்கியோவைச் சுத்தக் கூடாதுங்கறதுதான் அதுல காட்டற உதாரணம்.

ரூட் சரியான பிறகும் சின்னப் பக்கமெல்லாம் திறந்து, பெருசு மட்டும் பாதியில நின்னா, ரூட்டைத் திரும்ப நோண்டாதே, எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டோட உச்ச அளவைப் பாரு. பிபிபிஓஇ லைன்ல 1492, டிஎஸ்-லைட்னா 1460, அதுக்குள்ள விபிஎன் உறையும் பேட்மேன் உறையும் அடங்கணும். துண்டாக்கக் கூடாதுன்னு சொல்லி பிங் அளவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. எங்க நிக்குதோ அந்த எண்ணைக் குறிச்சு வச்சு, கேட்வே பார்த்துக்கறவங்களுக்கு அனுப்பு. எம்டியு ரெண்டு முனையிலயும் ஒண்ணா இருக்கணும், நீ தனியா மாத்த முடியாது.