இடமறிந்து தொழிற்படும் நொதியங்கள்

கலத்தினுள்ளே நொதியங்கள் எங்கும் பரந்து கிடக்கின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், ஒரு நொதியம் எந்த இடத்தில், எவற்றுடன் சேர்ந்து இருக்கிறது என்பதே அதன் தொழிலைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈ இதற்கு நல்ல உதாரணம்.

பழ ஈயின் உடற்கலத்தில் 4 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள், ஆணுக்கோ ஒன்றுதான். அப்படியாயின், ஆணில் எக்ஸ் பரம்பரையலகுகளின் விளைபொருள் பாதியாகக் குறைய வேண்டுமல்லவா? குறைவதில்லை. ஆணின் ஒற்றை எக்ஸ் ஏறத்தாழ இரு மடங்கு தொழிற்பட்டு ஈடுசெய்கிறது. 1932 இல் ஹேர்மன் முல்லர் இதனை விளக்கி எழுதினார்.

இவ்வேலையைச் செய்வது ஐந்து புரதங்களும் ஆர்.என்.ஏ.யும் சேர்ந்த ஒரு சிக்கல். அவற்றுள் எம்.எல்.ஈ. என்னும் நொதியம் ஆர்.என்.ஏ.யின் மடிப்புகளை விரிக்கிறது. மொஃப் என்னும் நொதியம் டி.என்.ஏ. சுற்றியுள்ள ஹிஸ்டோன் புரதத்தில் அசற்றைல் கூட்டத்தை இணைத்து, இறுக்கத்தைத் தளர்த்துகிறது.

இவை இருக்கும் இடத்தை எவ்வாறு கண்டார்கள்? குடம்பியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் நிறமூர்த்தங்கள் மிகப் பெரியவை. அவற்றை வழுக்கியில் பரப்பி, குறித்த புரதத்தில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியை இட்டு, ஒளிரும் சாயத்தால் நுணுக்குக்காட்டியில் நோக்கினர். 1991 இல் எம்.எல்.ஈ. ஆணின் எக்ஸ் நிறமூர்த்தத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளிர்வது வெளியானது. மற்றைய நான்கும் அதே இடங்களிலேயே காணப்பட்டன.

இவ்வைந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆண் ஈ முழு வளர்ச்சி அடையுமுன் இறந்துவிடும். பெண் ஈ பிழைத்துக்கொள்ளும். பெண்ணில் எம்.எஸ்.எல். 2 என்னும் புரதம் உருவாகாதபடி தடுக்கப்படுவதால், எக்ஸின் மீது இச்சிக்கல் அமைவதில்லை. ஆய்வாளர் அப்புரதத்தைப் பெண்ணில் உருவாக்கியபோது, சிக்கல் இரண்டு எக்ஸிலும் அமர்ந்து பெண் ஈக்களைப் பாதித்தது. ஆணுக்கு உயிர் காப்பதே பெண்ணுக்குக் கேடாகிறது!

மொஃப் வேறொரு சிக்கலில் சேர்ந்து, இரு பாலாரிலும் ஏனைய நிறமூர்த்தங்களிலும் பணிபுரிகிறது. கூட்டு மாறினால் இடமும் மாறுகிறது.

மாணவிகளே, நொதியத்தின் பெயரை மனனமிடும்போது அதன் இடத்தையும் அருகே எழுதுங்கள். கிளைக்கோப்பகுப்பு குழியவுருவில், கிரெப்ஸ் வட்டம் இழைமணியில் என்பதுபோல. பெற்றோரே, பிள்ளை ஒரு போத்தலில் பழத்துண்டை வைத்துப் பழ ஈயைக் கவனித்தால் தடுக்காதீர்கள். பருமனில் சிறியதாய், வயிற்றின் நுனி கறுத்திருப்பதே ஆண். அதன் உடற்கலங்களில் ஒற்றை எக்ஸ் இரண்டின் வேலையைச் செய்கிறது.