ஈரம், நெய்ப்பு, துவர்ப்பு: வறண்ட தோலுக்கான வீட்டு மருந்துகள் – ஒரு சொற்பொருள் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வறண்ட தோலுக்குத் தமிழ் இல்லங்களில் வழங்கிவரும் மருந்துப் பொருள்கள் பல. இன்றைய நலக்குறிப்பு நூல்களும் இதழ்களும் அவற்றை ஒரே பட்டியலில் அடுக்கி, அனைத்தும் தோலுக்கு 'ஈரப்பதம் அளிப்பவை' எனக் கூறுகின்றன. தமிழ்ச் சொல்வழக்கோ ஈரம், நெய்ப்பு, துவர்ப்பு என மூன்று பண்புகளை வேறுபடுத்திக் காட்டுகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு வீட்டு மருந்துகளை வகைப்படுத்துவதும், அவ்வகைப்பாடு தோலியல் முடிவுகளோடு பொருந்துமாற்றை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம் ஆகும்.

திறவுச்சொற்கள்: ஈரம், நெய்ப்பு, துவர்ப்பு, எண்ணெய் முழுக்கு, பித்தவெடிப்பு.

முன்னுரை

மார்கழி, தைத் திங்கள்களில் பனிக்காற்றுப் படும்போது கைகால்கள் சாம்பல் பூத்தாற்போல் வெளிறுதலும், நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுதலும், உதடும் குதிகாலும் வெடித்தலும் அனைவரும் அறிந்தவை. இந்நிலையைக் குறிக்கும் வறட்சி, வெடிப்பு, காய்தல் ஆகிய சொற்கள் நிலத்திற்கும் உரியவை. நீரற்ற நிலம் வெடிப்பதுபோலவே நீரற்ற தோலும் வெடிக்கிறது என்னும் கருத்து இப்பொதுவழக்கில் அமைந்துள்ளது. ஊற்றுணர்வை எட்டாக வகுத்த தமிழ் மரபு, வழவழப்பை 'இழுமெனல்' என்றும் சொரசொரப்பைச் 'சருச்சரை' என்றும் வழங்கியது. சருச்சரையை இழுமெனலாக்கும் முயற்சியே வறண்ட தோலுக்கான மருத்துவம் எனலாம். அம்முயற்சியில் எப்பொருள் எத்தொழிலைச் செய்கிறது என்பதைச் சொற்களின் வழியே காண இயலும்.

ஈரமும் நெய்ப்பும்

ஈரம் என்னும் சொல் நீர்த்தன்மையைக் குறிக்கும். வழிப்பொருளாக அன்பையும் குறிக்கும். நெய் என்னும் சொல் இன்று உருக்கிய வெண்ணெயை மட்டும் குறிப்பினும், முன்பு கொழுப்புப் பொருள் பலவற்றுக்கும் பொதுவாக நின்றது. எள்ளின் நெய் 'எண்ணெய்' ஆயிற்று. பின்னர் அச்சொல்லே பொதுப்பெயராக விரிந்து தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் என அடைபெற்று வழங்கலாயிற்று. நெய்யின் பண்பு நெய்ப்பு. எனவே ஈரம் நீரின் பண்பு என்பதும் நெய்ப்பு எண்ணெயின் பண்பு என்பதும் தெளிவு.

இவ்வேறுபாடு அண்மைக்கால எழுத்துகளில் மங்கிவிட்டது. மாய்ஸ்சரைசர் என்பதற்கு 'ஈரப்பதமூட்டி' என்னும் பெயர் அமைந்த பின்னர், தேங்காய் எண்ணெயும் ஈரப்பதம் அளிப்பதாக எழுதப்படுகிறது. எண்ணெயில் நீர் இல்லை. இல்லாத ஒன்றை அஃது அளித்தல் இயலாது.

1952ஆம் ஆண்டு இர்வின் பிளாங்க் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. காய்ந்து விறைத்த தோல்தடிப்புத் துண்டுகள் எண்ணெயில் இடப்பட்டபோது நெகிழவில்லை. நீரை ஏற்றபோதே நெகிழ்ந்தன. தோலின் மேலடுக்கை மென்மையாக்குவது நீரே என்பது இதனால் நிலைபெற்றது. அந்நீர் ஆவியாகாமல் தடுப்பது எண்ணெயின் தொழில். ஈரம் உள்ளே இருக்கவேண்டுவது; நெய்ப்பு அதனைக் காப்பது. ஈரமற்ற தோலில் எண்ணெயை மட்டும் தடவுவோர் பளபளப்பைப் பெறுவர். ஈரம் மாறுமுன் தடவுவோரே முழுப்பயனைப் பெறுவர்.

நெய்ப்பின் காக்கும் தொழிலுக்குப் பிலிப்பைன்சில் நடந்து 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு சான்றாகிறது. மிதமான தோல் வறட்சியுடைய 34 பேர் கால்களில் நாள்தோறும் இருமுறை, இரு வாரங்கள் தேங்காய் எண்ணெயோ கனிம எண்ணெயோ பூசிவந்தனர். இரு பிரிவினருக்கும் தோலின் நீர்ச்சத்து உயர்ந்தது. பயன் ஏறத்தாழ ஒத்திருந்தது. எண்ணெய் ஈரத்தைத் தராமலேயே ஈரம் மிகுவதற்குக் காரணமாயிற்று.

எனினும் எல்லா நெய்ப்பும் ஒரு தன்மையது அன்று. ஷெபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பு அடுக்கைத் தளர்த்தியது. சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை. ஆதலின் 'இயற்கை எண்ணெய்' என்னும் பொதுப்பெயர் மட்டுமே நன்மைக்குச் சான்றாகாது.

துவர்ப்பு

துவர்ப்பு ஒரு சுவையின் பெயர். துவர்தல் என்பதற்கு உலர்தல் என்னும் பொருளும் உண்டு. துவர்த்துதல் ஈரத்தைத் துடைத்தலைக் குறிக்கும். குமரி மாவட்ட வழக்கில் குளித்தபின் உடல் துடைக்கும் துணி 'துவர்த்து' எனப்படும். நாவில் சுருக்கென்று உணரப்படும் சுவையும் உடலின் ஈரத்தை நீக்கும் செயலும் ஒரே அடியில் அமைந்திருத்தல் கருதத்தக்கது. துவர்ப்புப் பொருள் உலர்த்தும் என்னும் பட்டறிவு சொல்லிலேயே பதிவாகியுள்ளது.

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் நீராட்டு விரித்துரைக்கப்படுகிறது. மணநெய் பூசிய கூந்தல், பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரில் ஆட்டப்படுகிறது. இது கூந்தலைப் பற்றிய செய்தியே எனினும், நெய், துவர், நீர் ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வின் உறுப்புகளாக அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. துவர் தனித்து இயங்கவில்லை. மிகுந்த நெய்யைப் போக்குவதற்கே வருகிறது.

எண்ணெய் முழுக்கும் அதே அமைப்புடையது. முதலில் நல்லெண்ணெய், அடுத்துச் சீயக்காயோ அரப்போ, பின்னர் வெந்நீர். சீயக்காயில் நுரைக்கும் சப்போனின்கள் உள்ளன. அரப்பு உசில மரத்தின் இலைத்தூள் ஆகும். இவை எண்ணெய் பூசிய உடலுக்கென அமைந்தவை. ஆத்திசூடியில் சனி நீராடலைப் பற்றிய அடியில் எண்ணெய் என்னும் சொல்லே இல்லை; உரைகளே அதனைச் சேர்த்துப் பொருள் விரித்தன. முழுக்கு என்றாலே எண்ணெய் முழுக்கு என மக்கள் கொண்டிருந்தமைக்கு இவ்வுரைமரபு சான்றாகும். எண்ணெய் முழுக்கில் வெந்நீரைப் பயன்படுத்துமாறு தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி கூறுவதும் எண்ணெய் பூசிய உடலுக்கே உரியது. எண்ணெயை விடுத்து, சீயக்காயையும் வெந்நீரையும் மட்டும் கைக்கொண்டால் தோலின் இயல்பான நெய்ப்பும் நீங்கி வறட்சி மிகும். மரபின் ஓர் உறுப்பைப் பிரித்தெடுத்து மரபு எனக் கூறுதல் பொருந்தாது.

வீட்டு மருந்துகளின் வகைப்பாடு

மேற்கூறிய மூன்று பண்புகளின்படி, வழக்கிலுள்ள பொருள்களைப் பின்வருமாறு பகுக்கலாம்.

அ) ஈரம் தருவன: நீர், கற்றாழைச் சோறு, தேன். கற்றாழைச் சோற்றின் பெரும்பகுதி நீரே. தேன் தன் சர்க்கரையால் நீரை ஈர்த்து வைக்கும். இவற்றைப் பூசியபின் மேலே நெய்ப்பு இல்லையேல் ஈரம் விரைவில் ஆவியாகும்.

ஆ) நெய்ப்புத் தருவன: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், உதட்டிற்கு வெண்ணெயும் நெய்யும். பாலாடை நீரும் கொழுப்பும் கலந்தது ஆதலின் முதலிரு வகைக்கும் இடைப்பட்டது.

இ) துவர்ப்பும் போக்கும் தன்மையும் உடையன: சீயக்காய், அரப்பு, கடுக்காய், கடலை மாவு, பயற்றமாவு. இவற்றுள் மாவுகள் துவர்ப்புச் சுவையால் அன்றி, எண்ணெயை உறிஞ்சும் தொழிலால் இவ்வகையில் அடங்கும். எண்ணெய்ப்பசை மிகுந்த முகத்திற்கு உதவும் கடலை மாவு வறண்ட முகத்தை மேலும் வறளச் செய்யும். வறட்சிக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்படும் எலுமிச்சைச் சாறு புளிப்புப் பொருள். அது வெடித்த தோலை எரிக்கும். சாறு பட்ட இடத்தில் வெயில் விழின் கொப்புளமும் கருமையும் உண்டாதல் கூடும்.

இவ்வகைப்பாட்டால் பயன்படுத்தும் முறையும் பெறப்படுகிறது. வெதுவெதுப்பான நீரில் குறுகிய நேரம் குளித்து, உடலைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் மாறுமுன் சிறிதளவு எண்ணெய் தடவுதல் வறட்சிக்கு உகந்தது. ஈரம் முதலில், நெய்ப்பு அடுத்து, துவர்ப்பு தேவையான அளவில் மட்டும் என்பதே இதன் ஒழுங்கு.

பெயர் மறைக்கும் நோய்

குதிகால் வெடிப்பு 'பித்தவெடிப்பு' எனப்படுகிறது. வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றக் கோட்பாட்டில் பிறந்த பெயர் இது. வேப்பெண்ணெயும் விளக்கெண்ணெயும் பூசி இதனை ஆற்றுவது வழக்கம். ஆனால் பெயர் காரணத்தை முன்பே முடிவுசெய்துவிடுவதால், வேறு காரணத்தைத் தேடும் எண்ணம் எழுவதில்லை. சர்க்கரை நோயாளரின் காலில் வியர்வை குறைந்து தோல் வறளும். உணர்ச்சியும் குறைவதால் வெடிப்பின் வலி தெரியாது. வெடிப்பின் வழியே கிருமி புகுந்து புண் ஆழமாகும். தைராய்டு சுரப்புக் குறைவிலும் நாட்பட்ட சிறுநீரக நோயிலும் தோல் வறட்சி ஓர் அறிகுறி. உணர்ச்சியற்ற, வறண்ட, வெளிறிய திட்டுத் தொழுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இந்நிலைகளில் எண்ணெய் தோலை மென்மையாக்கலாம், நோயை நீக்காது. ஆறாத வெடிப்பு, புண், மரத்துப்போன திட்டு, உடல் முழுவதும் திடீரெனத் தோன்றும் வறட்சி ஆகியவை மருத்துவரிடம் காட்டவேண்டியவை. வீட்டு மருந்தின் எல்லையை அறிதலும் அம்மருத்துவ அறிவின் பகுதியே ஆகும்.

முடிவுரை

1. ஈரம், நெய்ப்பு, துவர்ப்பு என்னும் சொற்கள் வறண்ட தோலுக்கான வீட்டு மருந்துகளை அவற்றின் தொழில்வழி வகைப்படுத்த உதவுகின்றன.

2. நெய்ப்பை ஈரப்பதம் எனக் கூறும் இன்றைய வழக்கு, இருவேறு தொழில்களை ஒன்றாக்கிப் பயன்பாட்டு ஒழுங்கை மறைக்கிறது.

3. எண்ணெய் முழுக்கு நெய், துவர், நீர் ஆகியவற்றின் கூட்டு. அதன் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துப் பரிந்துரைப்பது வறட்சியைத் தணிப்பதற்கு மாறாக மிகுவிக்கவும் கூடும்.

4. நலவியல் எழுத்தில் எண்ணெய் வகைகளை 'நெய்ப்பூட்டி' என்றும், நீரை ஏற்றுவனவற்றை 'ஈரமூட்டி' என்றும் வழங்குதல் தெளிவு தரும். சொல் சரியாக அமையின் கை சரியான பொருளை எடுக்கும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.