உண்மையும் ஊறு செய்யுமோ?

“உள்ளதைத்தானே சொன்னேன்” என்பது நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் சமாதானம். பார்வையற்ற ஒருவரைக் ‘குருடர்’ என்று அழைத்துவிட்டோ, மகப்பேறு வாய்க்காத மருமகளை ‘மலடி’ என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டோ, “பொய் கூறவில்லையே, வாய்மை அணுவிரதத்திற்கு என்ன பழுது?” என்று கேட்போர் உளர். இவ்வாதத்திற்கு நம் ஆசாரியர்கள் முன்னமே விடையிறுத்துள்ளனர்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், பொய்ம்மைக்கு இலக்கணம் கூறுமிடத்து ‘அசத்’ என்னும் சொல்லை வைக்கிறது. ‘இல்லாதது’ என்று மட்டும் அதற்குப் பொருள் கொண்டால் மேற்கண்ட வாதம் நிற்கும். ஆனால் சர்வார்த்த சித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர், ‘புகழத்தகாதது’ என அதன் பொருளை விரிக்கிறார். உயிர்க்குத் துன்பம் விளைக்கும் சொல், உள்ள பொருளைப் பற்றியதாயினும் இல்லாத பொருளைப் பற்றியதாயினும், அசத்தேயாம் என்பது அவர் துணிபு. சமந்தபத்திரரும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், இடர் விளைக்கும் மெய்யையும் பேசாமையை இல்லறத்தார் விரதத்துள் அடக்குகிறார். வாய்மையை அகிம்சையினின்று பிரித்து நோக்குதல் நம் நெறியன்று.

சொல்லைத் தேர்ந்து வழங்குதல் தமிழர்க்கும் புதிதன்று. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலத்திற்கு உரைகாரர் காட்டும் சான்றுகள். மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் விடைபெறும் விருந்தினர் இன்றும் ‘போகிறேன்’ என்னார். ‘போய் வருகிறேன்’ என்பர். விளக்கை ‘அணை’ என்னாது ‘அமர்த்து’ என்னும் மூதாட்டியரும் உளர்.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இவ்வழக்குகளால் காக்கப்படுவது பெரும்பாலும் வீட்டின் மங்கலமே. அதே வீட்டில், அதே நாவால், கணவனை இழந்த பெண்ணை ‘அமங்கலி’ என்பது தடையின்றி வழங்கிற்று. விளக்குக்குக் காட்டிய இரக்கம் பெண்ணுக்குக் கிட்டவில்லை!

ஊனமுற்றோர் என்று அரசு ஏடுகளில் வழங்கியதைத் தமிழக அரசு 2010இல் மாற்றுத்திறனாளிகள் என மாற்றிற்று. பெயரை மாற்றினால் குறை மாறுமா என எள்ளுவோர் உண்டு. குறை மாறாதுதான். ஆனால் பெயரும் உறவும் உடைய ஒருவரை, அவர் உடலின் ஒரு குறையைச் சொல்லி அழைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு உண்டு? மதுரைக்காரர் முன்பின் அறியாதவரையும் ‘அண்ணே’, ‘அக்கா’ என்று அழைப்பர். நமக்கு அதுவே போதும். ‘மாற்றுத்திறனாளி’ என்பதையே நகைப்புக் குரலில் சொல்பவர்க்கு எந்த அகராதியும் உதவாது.

சொல்லால் படும் புண்ணை நாம் அறியாதவர் அல்லோம். ‘அமணர்’ என்னும் துறவோர் பெயரே திரிந்து, ஆடையின்மையைக் குறிக்கும் ‘அம்மணம்’ ஆயிற்று என்பர். தென் மாவட்டங்களில் ‘கழுவேறி’ என்பது ஒரு வசவு. மதுரையில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் கழுவேற்றம் வரலாறுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அவ்வசவைக் கேட்கும் நம் சிறுவர் மனம் சுருங்காதோ? வைபவரோ பெரும்பாலும் அதன் பொருளை அறியாமலே வைகிறார்.

அறியாமையால் வழங்கும் பெயர்கள் எல்லாம் வசவும் அல்ல. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணமலைக்கு யாத்திரை செல்வோர் அங்குள்ள குகையைச் ‘செட்டிப்புடவு’ என ஊரார் அழைக்கக் கேட்கலாம். அங்கு அமர்ந்துள்ள தீர்த்தங்கரர் திருவுருவைச் செட்டியார் எனக் கருதியதால் வந்த பெயர் அது. நம்மவருள் சிலர் இதைக் கேட்டவுடன் சினந்து, வழிகாட்ட வந்த ஊர்ப் பெரியவரையே கடிந்துகொள்கின்றனர். “ஐயா, இங்கு அமர்ந்திருப்பவர் நாங்கள் வணங்கும் தீர்த்தங்கரர்” என்று சொன்னால் அவர் கேட்கமாட்டாரா? அதே மலையில் பேச்சிப்பள்ளத்தில், அச்சணந்தியின் தாயார் குணமதியார் திருமேனி செய்வித்ததை வட்டெழுத்துக் கல்வெட்டொன்று கூறுகிறது. அப்பெரியவரையும் உடன் அழைத்துச் சென்று, அதன் பொருளை எடுத்துச் சொல்லலாம்.