வெயில் ஊரில் ஹீட்டர் சீட்: ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நல்ல தொடக்கம்

சித்திரை மதியத்தில் வன்னியம்பட்டியில் அரை மணி நேரம் நிறுத்திவைத்த ஜீப்பின் ரெக்ஸின் சீட்டில் உட்கார்ந்து எழுந்தவரிடம், "சீட்டுக்கு ஹீட்டர் வைக்கலாமா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாகத் தலையெடுக்க நினைக்கும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் பழக வேண்டிய வேலை இதுதான் என்பேன். லோடு கணக்கு, ஒயர் கனம், ஃபியூஸ், ரிலே, எர்த், குஷன் வேலை, வாடிக்கையாளரிடம் பேசும் பக்குவம் என எல்லாமே இதற்குள் வந்துவிடுகின்றன. இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவருக்கு ஃபேனோ, ஃபாக் லேம்போ, கேமராவோ பெரிய வேலையே இல்லை.

யார் கேட்பார்கள்?

மேற்கே தெரிகிற மலைதான் சந்தை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஜீப் போகும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். மார்கழி, தை மாதங்களில் படுதா போட்ட ஜீப்பில் அந்த நேரத்தில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் குளிர் முதுகுத்தண்டில் ஏறும். கொழுக்குமலையைவிடத் தாழ்வான, 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியிலேயே உறைபனி விழுகிறது. எஸ்டேட் வைத்திருப்பவர்கள், முதுகுவலியோடு நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள், பழைய ஜீப்பைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்கள் ஆகியோர்தான் உங்கள் ஆட்கள்.

கடைசியாகச் சொன்னவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது 1947-இல். மாருதி ஜிப்ஸி வந்தது 1985-இல். இரண்டுமே இன்று ஷோரூமில் கிடைக்காது. வைத்திருப்பவர் விற்க மாட்டார், செலவு செய்யத் தயங்கவும் மாட்டார். கம்பெனி சர்வீஸ் சென்டர் இந்த மாதிரிக் கூடுதல் வேலைகளில் பொதுவாகக் கை வைக்காது. எனவே வேலை தெரிந்த தனியாளைத் தேடித்தான் அவர் வருவார். வசதியான காரில் இது புதிதும் அல்ல: அமெரிக்காவில் கேடிலாக் 1966 மாடலிலேயே சீட் ஹீட்டர் கொடுத்துவிட்டது. பழைய ஜீப்பில் இல்லாத அந்த வசதியை ஹீட்டர் பேடு வாங்கிப் பொருத்திக் கொடுப்பதுதான் நம் பங்கு.

கணக்கு முதலில், கட்டிங் பிளேயர் அப்புறம்

ஒரு சீட்டுக்கான அடிப் பேடும் முதுகுப் பேடும் சேர்ந்து 12 வோல்ட்டில் 45 வாட் என்று வைப்போம். அதாவது 3.75 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட் வரை வரும். ஹீட்டர் என்பது வெறும் ரெசிஸ்டன்ஸ். வோல்டேஜ் ஏறினால் கரண்டும் ஏறும். அப்போது 4.4 ஆம்பியர் இழுக்கும். இரண்டு சீட்டுக்கு 9 ஆம்பியர் என்று போடுங்கள். டிம்மில் எரியும் இரண்டு 55 வாட் ஹெட்லைட்டுக்குச் சமமான லோடு இது. இதைத்தான் பலர் இக்னிஷன் சாவியிலிருந்தோ வைப்பர் லைனிலிருந்தோ ஒரு ஒயரைச் சுரண்டி எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நாலு மாதத்தில் சாவி சுவிட்சின் கான்டாக்ட் கருகும். அல்லது, அதைவிட மோசமாக, முப்பது வருடப் பழைய ஒயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் உருகும்.

அடுத்து ஆல்டர்னேட்டரின் தகட்டைப் படியுங்கள். 35 ஆம்பியர் என்று இருந்தால், அது இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது தருவது. ஐடிலில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஐடிலில் பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நிம்மதி. 12.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தன் கையிருப்பைச் செலவழிக்கிறது என்று பொருள். ஆல்டர்னேட்டரை மாற்றாமல் ஹீட்டர் வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் வந்தால் இன்னொரு எச்சரிக்கை: அது 6 வோல்ட் வண்டி. 12 வோல்ட் பேடை அதில் மாட்டினால் கால் பங்கு சூடுதான் வரும்.

லைன் எடுக்கும் முறை எளிதுதான். பேட்டரி பிளஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனை. ரிலேயின் 87-இலிருந்து ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக 7.5 ஆம்பியர் ஃபியூஸ். 86-க்கு இக்னிஷன் லைன், 85-க்கு எர்த். ரிலே காயில் இழுப்பது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், அதைச் சாவி சுவிட்ச் தாங்கும். சாவியை எடுத்தால் ஹீட்டரும் நிற்கும், மறதியால் பேட்டரி காலியாகாது. மூன்று மீட்டர் ஓட்டத்தில் இந்த ஒயர் இழப்பது 0.2 வோல்ட்; ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் அரை வோல்ட் போய்விடும், ஒயரும் கதகதக்கும். டீசல் வண்டியில் அதிகாலையில் ஹீட்டர் பிளக்கும் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியை உறிஞ்சும் நேரத்தில் சீட் ஹீட்டர் ஓடக் கூடாது. வண்டி ஸ்டார்ட் ஆனபின் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள்.

எர்த் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். பெயின்டின் மேல் முறுக்கிய எர்த் எர்த்தே அல்ல. சேசிஸில் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, லக் அடித்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள்.

சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

வில்லிஸ் வகை ஜீப்பில் டிரைவர் சீட்டைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் டேங்க். மூடி கசிந்தால் ஆவி அங்கேயே தேங்கும். அதற்கு மேல் ஒரு கனெக்டரோ, டேப் சுற்றிய ஜாயின்டோ இருக்கவே கூடாது. பேடின் ஒயரை ஜாயின்ட் இல்லாமல் டேங்க்கைத் தாண்டிக் கொண்டுவந்து, தகடு துளைக்கும் இடத்தில் ரப்பர் கிராமெட் போட்டு, அதற்கு அப்பால் கனெக்டரை வையுங்கள். என்னைக் கேட்டால், டேங்க் மூடி கசியும் வண்டிக்கு முதலில் மூடியை மாற்றாமல் ஹீட்டர் பொருத்துவது குற்றம்.

பேடை ஃபோமுக்கு மேலே, ரெக்ஸினுக்குக் கீழே மடிப்பு விழாமல் ஒட்ட வேண்டும். மடிந்த இடம் தனியாகச் சுடும். உறையைப் பிரித்து மாட்டுவதை உள்ளூர் குஷன் கடைக்காரரிடமே விடுங்கள். உங்கள் கூலியில் அவருக்கும் பங்கு வையுங்கள், அடுத்த வண்டியை அவரே அனுப்புவார். தெர்மோஸ்டாட் இல்லாத மலிவுப் பேடைத் தொடாதீர்கள். வண்டி ஓட்டுகிறவருக்குச் சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த பாதிப்பு உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சூடு தெரியாமலேயே தோல் வெந்துபோகும் ஆபத்து அவர்களுக்கு உண்டு.

வேலை முடிந்ததும் எந்த ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர் என்று ஒரு காகிதத்தில் எழுதி பானட்டுக்குள் ஒட்டுங்கள், படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பாதிப் பட்டறைகள் இதைச் செய்வதில்லை. கூடுதல் மின்சாதனத்தை இன்சூரன்ஸ் பாலிசியில் தனியாகச் சேர்க்க வழி இருப்பதையும் சொல்லிவைக்கலாம். பாடியை வெட்டுவது போல ஆர்.சி. விவரத்தையே மாற்றும் வேலையை மட்டும் ஏற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

படிப்பும் முதலும்

ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டு ஆண்டுப் படிப்பு. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் ஒரு நல்ல எலக்ட்ரிகல் பட்டறையில் கையாளாகச் சேருங்கள். பேட்டரி வண்டிகள் பெருகுகின்றன என்று பயப்பட வேண்டாம், அவற்றிலும் விளக்கும் ஹாரனும் 12 வோல்ட்தான். ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் ஒயரை மட்டும் தனிப் பயிற்சி பெறாமல் தொடக் கூடாது.

சொந்தப் பட்டறை போடும்போது எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு விண்ணப்பிக்கக்கூடிய, 25 சதவீத மானியத்தோடு கடன் தரும் மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தைப் பற்றி விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். முதல் பணத்தில் வாங்க வேண்டியது போர்டும் பெயின்டும் அல்ல, கிளாம்ப் மீட்டர். கடையில் கேட்கும்போது டி.சி. அளக்குமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் மலிவு மீட்டர் ஏ.சி. மட்டுமே அளக்கும், ஜீப் பேட்டரி ஒயரில் மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும்.