நள்ளிரவு மீடியம் வேவ்: எந்த ஏரியல், எந்த கேபிள்?

மீடியம் வேவில் தொலைதூர நிலையங்களைத் தேடிக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ரேடியோ வாங்கலாம்?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். டெக்சன் பிஎல்-330 மாதிரி ஒரு கையடக்கப் பெட்டியே தொடங்கப் போதும். எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முடிவு செய்பவை வீட்டு இரைச்சல், ஏரியல், ஏரியலிலிருந்து இறங்கும் கேபிள் ஆகிய மூன்றும்தான். கவனம் இந்த வரிசையில் போக வேண்டும். முதலாவதுக்குப் பெரும்பாலும் காசே தேவைப்படாது.

பகலில் சூரிய வெளிச்சத்தால் அயனி மண்டலத்தின் அடிப்பகுதியில் உண்டாகும் டி அடுக்கு மீடியம் வேவை விழுங்கிவிடும். தரையோடு ஊர்ந்து வரும் அலை மட்டுமே காதுக்கு எட்டும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிட, மேல் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி இறங்கும். தமிழ்நாட்டிலிருந்து பழகத் தொடங்க நல்ல இலக்குகள் உண்டு. இலங்கையின் புத்தளத்திலிருந்து 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட்டில் வரும் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ ஒன்று. ராஜ்கோட்டின் 1071, கொல்கத்தாவை அடுத்த சின்சுராவின் 594 ஆகிய இரண்டும் 1000 கிலோவாட்டுக்கு அமைத்த நிலையங்கள். இவை பிடிபட்ட பிறகு மேற்கே அரபு நாடுகள், ஈரான். கிழக்கே தாய்லாந்து, சீனா. ஆகாசவாணி பல ஊர்களில் மீடியம் வேவை நிறுத்திவருவது பழைய நேயர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அப்படிக் காலியான அலைவரிசைகளில் வெளிநாட்டு நிலையங்கள் தலைகாட்டுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் இரைச்சல். எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், புதுவகை மின்விசிறி எல்லாமே மீடியம் வேவில் கரகரக்கும். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளை வீணாக்காதீர்கள். அன்று இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் ரேடியோவைப் போட்டு, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக் கேளுங்கள். மின்சாரம் திரும்பியதும் அதே இடத்தில் மறுபடி கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தெருவின் இரைச்சல். பிறகு மெயின் சுவிட்சை நீங்களே அணைத்துப் பார்த்தால், அதில் உங்கள் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு மலிவு பல்பைக் கழற்றி எறிவதால் கிடைக்கும் பலன், விலை கூடிய ஏரியலால் பல நேரம் கிடைப்பதில்லை.

இனி ஏரியல். ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் ராட்டைக் குறைவாக எடைபோட வேண்டாம். நிலையத்துக்கு அது குறுக்காக இருந்தால் சத்தம் கூடும். அதன் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தம் அடங்கும். தூர நிலையம் தேடுகிறவருக்கு இந்த அடங்கும் திசைதான் பெரிய ஆயுதம். உள்ளூர் நிலையத்தையோ பக்கத்து வீட்டு இரைச்சலையோ அந்த முனையில் நிறுத்திவிட்டால், அடியில் அமுங்கிக் கிடந்தது மேலே வரும். தரையோடு வரும் உள்ளூர் அலையை இப்படிச் சுத்தமாக அமுக்கலாம். இரவில் வானிலிருந்து இறங்கும் அலை அந்த அளவுக்குக் கட்டுப்படாது.

இதே குணத்தைப் பெரிதாக்கித் தருவது ட்யூன் செய்யும் லூப். 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தில் சுமார் 12 சுற்று ஒயர், பழைய வால்வு ரேடியோவிலிருந்து எடுத்த 365 பைக்கோஃபேரட் அளவு கேங் கண்டென்சர் ஒன்று, அவ்வளவுதான் செலவு. கேங் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவிலோ ஊரில் மிச்சமிருக்கும் பழைய ரேடியோ மெக்கானிக்கிடமோ விசாரிக்கலாம். கீழ்க்கோடியில் 531 எட்டவில்லையென்றால் ஒரு சுற்று கூட்டுங்கள்; மேல்கோடியில் 1602 எட்டவில்லையென்றால் ஒன்றைக் கழியுங்கள். லூப்பின் பக்கத்தில் ரேடியோவை வைத்தாலே போதும். இணைக்கும் ஒயர்கூட வேண்டாம். உள்ளிருக்கும் ராட் லூப்பின் தளத்துக்குக் குறுக்கே இருக்குமாறு வையுங்கள். கேங்கைத் திருப்பும்போது ஒரே ஒரு இடத்தில் நிலையம் திடீரென்று எழும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் இப்படித் திருப்ப வேண்டும் என்பது தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லைதான் அண்டை நிலையங்களையும் ஒதுக்கித் தருகிறது. வாடகை வீட்டில் இருப்பவர், அடுக்குமாடியில் இருப்பவர், இந்தப் பழக்கம் தனக்கு ஒட்டுமா என்று பார்க்கிறவர் ஆகிய மூவருக்கும் என் பரிந்துரை இதுதான். சன்னலோரம் வையுங்கள், கான்கிரீட் கம்பிக்கு நடுவே எதுவும் வேலை செய்யாது.

மொட்டை மாடி உங்களுடையது என்றால் அடுத்த கேள்வி வரும்: ஆம்ப்ளிஃபையர் கொண்ட லூப்பா, நீள ஒயரா? எம்எல்ஏ-30 ப்ளஸ் போன்ற சின்ன வளைய ஏரியல்கள் மலிவு. ட்யூன் செய்யும் வேலையும் இல்லை. மீடியம் வேவ் முழுவதையும் ஒரே திரையில் காட்டும் எஸ்டிஆர் வகை ரிசீவருக்கு இதுதான் பொருத்தம். குறை ஒன்று உண்டு. பலத்த உள்ளூர் நிலையத்தின் அருகே இது திணறும். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் சென்னையின் 720 நிலையத்தை அதன் இரட்டையான 1440-லும் கேட்டால், புது நாடு பிடித்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. இதற்குக் கரன்ட் கொடுக்க போன் சார்ஜரைப் பயன்படுத்தினால் ஏரியலே இரைச்சலை உள்ளே அழைத்துவரும். பேட்டரியில் ஓட்டுவதே நல்லது.

மினி-விப் எனப்படும் குச்சி ஏரியலை நெருக்கமான குடியிருப்பில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் ரிசீவர் இந்த வகை ஏரியலில்தான் அருமையாகக் கேட்கிறது. ஆனால் திறந்த உயரத்தில் நிற்கும் ஏரியலின் குணம், பத்து வீட்டு மின்சாரத்துக்கு நடுவே நிற்பதற்கு வராது.

நீள ஒயர் என்றால் 15 முதல் 30 மீட்டர். தென்னந்தோப்போ வீட்டுக்குப் பின்னால் நீண்ட இடமோ இருந்தால், வீட்டிலிருந்து விலக்கிக் கட்டினால், இதைப்போல எளிமையானது இல்லை. மாடியிலேயே கைப்பிடிச் சுவரையொட்டிக் கட்டுவதாக இருந்தால் லூப்புக்கே போய்விடுங்கள். ஒயர் எல்லாத் திசையையும் கேட்கும். உங்கள் வீட்டையும் சேர்த்து. ஒயரின் தொடக்கத்தில் 9:1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் இரண்டு சுற்றுகளும் ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாக இருக்கட்டும். எர்த்துக்கு அங்கேயே தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடியுங்கள். வீட்டு மின் எர்த்தை அதோடு சேர்க்காதீர்கள். வீட்டு இரைச்சல் முழுவதும் அந்த வழியாக வந்து சேரும்.

நிலம் உள்ளவர்களுக்கு பெவரேஜ். ஹெரால்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கர் பெயரால் வழங்கும் இந்த ஏரியலைத்தான் 1921 டிசம்பரில் பால் காட்லி ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் விரித்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்த அமெச்சூர் நிலையங்களைக் கேட்டார். பின்லாந்தின் லாப்லாந்துப் பகுதியில் இன்றும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இதை இழுத்து அமெரிக்க நிலையங்களைக் கேட்கிறார்கள். 1000 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலைநீளம் 300 மீட்டர். அந்த நீளமாவது இருந்தால்தான் திசை கூர்மையாகும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கட்டி, நிலையம் இருக்கும் பக்கத்து முனையில் 450 ஓம் அளவு ரெசிஸ்டரை எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: பெவரேஜுக்கு மோசமான மண்தான் நல்ல மண். அலையின் முகப்பு தரையில் இழுபட்டுச் சாய்ந்தால்தான் ஒயரில் சிக்னல் ஏறும். தண்ணீர் நிற்கும் டெல்டா வயலைவிட, வானம் பார்த்த பூமியில் வறண்ட சரளை மண்ணே மேல். உப்பளத்தில் கட்டுவது வீண். கடற்கரைக்கு வேறு நியாயம். உப்புநீர் தாழ்வாக வரும் அலையைக் குறையாமல் கொண்டுவரும் என்பதால், அங்கே ஒரு கையடக்க ரேடியோவும் லூப்புமே எதிர்பாராத தூரத்தைக் காட்டும்.

கேபிள் விஷயத்தில்தான் தேவையற்ற பயம் அதிகம். 50 ஓமா, 75 ஓமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 1 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் இழப்பு அரை டெசிபெல்லுக்கும் குறைவு. அதைக் காது உணராது. கேபிள் டிவிக்காரர் மாட்டும் 75 ஓம் ஆர்ஜி-6 எங்கும் கிடைக்கும், மலிவு, தாராளமாகப் போதும். கவலைப்பட வேண்டியது கேபிளின் வெளி உறையைப் பற்றி. வீட்டு இரைச்சல் அந்த உறையின் மேல் ஏறி ஏரியல்வரை நடந்துபோய், உள்ளே புகுந்து சிக்னலோடு திரும்பும். அதைத் தடுக்க ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். 31 ரக ஃபெரைட் இந்த அலைவரிசைக்கு ஏற்றது. கேபிளின் இரு முனையிலும் ஒன்று இருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் ஏரியல் பக்கம். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போடும் கேட்-5 ஒயரில் ஒரு முறுக்கு ஜோடியும் நல்ல தேர்வுதான். ஆனால் இரு முனையிலும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கத் தெரிந்தவருக்கே அது சரிவரும். சோல்டரிங் பழக்கம் இல்லையென்றால் ஆர்ஜி-6-ஐ விட்டு நகர வேண்டாம்.

ரிசீவர் பற்றிச் சுருக்கமாக. படுத்துக்கொண்டே கேட்கிறவருக்குக் கையடக்கப் பெட்டி. இரவு முழுவதையும் பதிவு செய்து, காலையில் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் வரும் நிலைய அறிவிப்பைத் தேடுகிறவருக்கு எஸ்டிஆர். ஏர்ஸ்பை எச்எஃப் ப்ளஸ் டிஸ்கவரி பலத்த உள்ளூர் நிலையங்களைத் தாங்கும்.

தொடங்குவதற்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். இரவு நீளம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வானில் மின்னலின் படபடப்பும் குறைவு. ஏப்ரல், மே கோடை இடியிலும் அக்டோபர், நவம்பர் மழையிலும் மீடியம் வேவ் முழுக்க வெடிச்சத்தம்தான். வெளியே ஏரியல் வைத்தவர்கள் கேட்டு முடித்ததும் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மேகம் கறுத்தால் அன்று கேட்க உட்காரவே வேண்டாம். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஏரியல் ஒயரை எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகாதீர்கள்.