அமெரிக்க விடுதலை அறிக்கை

வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் பிரிட்டனுக்கு அடங்கியிருந்த பதின்மூன்று குடியேற்ற நாடுகள், இனித் தாம் ஒருவர்க்கும் அடங்கியன அல்ல என்று 1776ஆம் ஆண்டு உலகறியச் சாற்றின. அச்சாற்றுரையே அமெரிக்க விடுதலை அறிக்கையாகும். அஃது ஏறத்தாழ 1,300 சொற்களே கொண்டது. எனினும், இன்று அதனைக் கையில் எடுக்கும் அமெரிக்க மாணவனும் சில வரிகளுக்குள் இடர்ப்படுவான். சொற்கள் அவன் தாய்மொழிச் சொற்களே. அவற்றின் பொருள்தான் இரண்டரை நூற்றாண்டுக் காலத்தில் இடம் பெயர்ந்துவிட்டது.

அறிக்கையை வரையுமாறு பிலடெல்பியா நகரில் கூடியிருந்த பேரவை ஐவர் குழுவொன்றை அமைத்தது. ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் பிராங்கிளின் போன்ற முதிர்ந்தோர் அக்குழுவில் இருந்தனர். ஆயினும் எழுதும் பொறுப்பு முப்பத்து மூன்று வயதினரான தாமஸ் ஜெபர்சனுக்கு வந்தது. அவர் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில், தாமே வடிவமைத்த சிறு எழுதுபலகையின்மேல் தாளை வைத்து எழுதினார். புதுக் கருத்து எதனையும் கண்டறிந்து கூறுவது அன்று தம் நோக்கம் அன்று என்றும், யாவரும் உடன்படத் தக்க பொதுவறிவை எளிய சொற்களில் எடுத்து வைப்பதே நோக்கம் என்றும் முதுமையில் அவர் ஒரு கடிதத்தில் குறித்தார். எளிமையாக எழுதப்பட்ட உரைக்கே பின்னாளில் உரைநூல்கள் வேண்டியதாயிற்று!

சூலை 2ஆம் நாள் பேரவை விடுதலைத் தீர்மானத்தை ஏற்றது. அந்நாளே ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடப்பெறும் என ஆடம்ஸ் கருதினார். ஆனால் அறிக்கை ஏற்கப்பட்ட 4ஆம் நாளே விழாநாளாயிற்று. சில நாள்களுக்குள் அந்நகர அச்சகமொன்று அதனைச் செருமன் மொழியிலும் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் குடியேறியிருந்த செருமானிய உழவர்களும் கைவினைஞர்களும் தம் மொழியிலேயே அதனை அறிந்துகொள்ள முடிந்தது. சூலை 9ஆம் நாள் நியூயார்க்கில் வாசிங்டனின் படைவீரர் முன் அறிக்கை படிக்கப்பட்டது. அன்று மாலை மக்கள் திரண்டு சென்று, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஈயச் சிலையைக் கீழே வீழ்த்தினர். அவ்வீயத்தின் பெரும்பகுதி துப்பாக்கிக் குண்டுகளாக வார்க்கப்பட்டது.

அறிக்கையின் இடைப்பகுதி மன்னர்மேல் சாற்றிய 27 குற்றங்களின் அடுக்கு. மக்கள் இசைவின்றி வரி விதித்தமை, அமைதிக் காலத்திலும் படைகளை நிறுத்தியமை, நீதிபதிகளைத் தம் விருப்பத்துக்கு ஆட்படுத்தியமை முதலியன அதில் வரும். இவற்றை நடுநிலை கொண்ட உலகின்முன் வைப்பதாக அறிக்கை கூறுகிறது. அங்கு ஆளப்பட்டுள்ள சொல் ‘கேண்டிட்’ என்பது. இக்காலத்தில் அச்சொல் ஒளிவுமறைவின்றிப் பேசுவதையே குறிக்கும். அக்காலத்திலோ ஒருபாற் கோடாத உள்ளத்தைக் குறித்தது. இதனை அறியாதவன் உலகத்தை நடுவராக வைத்து முறையிடும் அந்த வழக்கின் அமைப்பையே தவற விடுவான்.

‘ஹேப்பினஸ்’ என்ற சொல்லும் அத்தகையதே. உயிர் வாழ்தல், உரிமையோடிருத்தல் ஆகியவற்றோடு இன்பத்தை நாடுதலையும் ஒருவராலும் பறிக்கவோ பிறருக்கு விட்டுக்கொடுக்கவோ இயலாத உரிமை என்கிறது அறிக்கை. ஈண்டு இன்பம் எனப்படுவது கேளிக்கையன்று. நல்வாழ்வு என்பதே அக்கால அறிஞர் அச்சொல்லுக்குக் கொண்ட பொருளுக்கு அண்மையது. அவ்வுரிமைகளைக் காப்பதற்கே அரசுகள் அமைகின்றன. ஆளப்படுவோரின் இசைவே அவற்றின் ஆற்றலுக்கு ஊற்று. எனவே காவாத அரசை மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு. ஆயினும் அற்பக் காரணங்களுக்காக நெடுநாள் நிலைத்த அரசை மாற்றலாகாது என்ற எச்சரிக்கையும் அடுத்த வரியிலேயே உள்ளது. முன்னதை எடுத்துக்காட்டுவோர் பலர் பின்னதை விட்டுவிடுவர்.

எல்லாவற்றினும் கடிய சிக்கலைத் தந்தது ‘மென்’ என்ற சிறுசொல். அது மாந்தர் அனைவரையும் குறிக்கும். ஆடவரை மட்டுமும் குறிக்கும். யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று எழுதிய ஜெபர்சனே தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தார். அவர் எழுதிய முதற்படியில் அடிமை வாணிகத்தைப் பெருங்கொடுமை எனக் கண்டித்து, அப்பழியை மன்னர்மேல் சுமத்தும் பகுதி ஒன்று இருந்தது. பேரவை அதனை நீக்கிவிட்டது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்தன என்றும், அடிமைகளைக் கப்பலேற்றிப் பொருளீட்டிய வடபுலத்தாரும் அக்கண்டனத்தை விரும்பவில்லை என்றும் ஜெபர்சன் குறித்து வைத்தார்.

நீக்கப்பட்ட பகுதியை மக்கள் மறந்தனர்; நீக்கப்படாத ஒரு சொல் உறங்கவில்லை. 1848இல் செனிக்கா பால்ஸ் என்னுமிடத்தில் கூடிய மாநாட்டுக்காக எலிசபெத் கேடி ஸ்டாண்டன், இவ்வறிக்கையின் நடையிலேயே ஓர் அறிக்கை வரைந்து, ஆடவர் என்னுமிடத்தில் மகளிரையும் சேர்த்தார். அடிமைத்தளையினின்று தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 1852இல் ராச்செஸ்டர் நகர மண்டபத்தில் நின்று, விடுதலை விழா அடிமைக்கு எவ்வாறு தன் விழாவாகும் என வினவினார். அச்சொல் கறுப்பினத்தாரைக் கருதி எழுதப்பட்டதன்று என்று 1857இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி தீர்ப்பில் உரைத்தார். ஆறாண்டுகளுக்குப் பின், உள்நாட்டுப் போரில் மாண்ட வீரரின் கல்லறை நிலமாகிய கெட்டிஸ்பர்க்கில் பேசிய ஆபிரகாம் லிங்கன், அந்நாடு பிறந்ததே அச்சமத்துவக் கொள்கையின்மேல்தான் என்றார். 1865இல் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. மகளிர் வாக்குரிமைக்கான திருத்தம் நிறைவேற 1920ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வாசிங்டன் நகரில் லிங்கன் நினைவகத்தின் முன் இலக்கக்கணக்கானோர் கூடினர். அவர்முன் பேசிய மார்ட்டின் லூதர் கிங், அரசியல் சட்டத்தையும் விடுதலை அறிக்கையையும் முன்னோர் எழுதித் தந்த உறுதிச்சீட்டுக்கு ஒப்பிட்டார். கறுப்பினத்தார் அச்சீட்டைக் கொண்டு சென்றபோது பணம் தரப்படவில்லை என்றும், அதனை மாற்றிக்கொள்ளவே தாம் தலைநகருக்கு வந்திருப்பதாகவும் கூறினார். குடிமை உரிமைச் சட்டம் 1964இலும் வாக்குரிமைச் சட்டம் 1965இலும் நிறைவேறின.